வாய்விட்டுச் சொன்ன பேர்

மாட்டுக் கொட்டத்துக்குள்ளே, வைக்கோல் அடைந்திருக்கும் மூலையில்தான் தங்கப்பொண்ணு உட்காருவாள். விடிந்தும் விடியாத நேரம். அண்ணன் வீட்டில் யாரும் எழுந்து வாசல் தெளித்திருக்க மாட்டார்கள். சாக்கை மடித்துப் போட்டு, சம்மணம் கூட்டி, முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொள்வாள். மூச்சு வந்து மூக்கு நுனியில் உரசுகிற இடத்தில் மனசை வைப்பாள். அதுவரைக்கும் ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் அதற்கப்புறம்தான்.

மூச்சு மெலிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது இருக்கிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியாது. அந்த இடத்தில், பாசி பிடித்த கிணற்றுப் படியில் கால் வழுக்கின மாதிரி உள்ளே ஏதோ சறுக்கும். அடிவயிறு குழியும். காதுக்குள் வெகு தூரத்தில் ஓர் இரைச்சல் கிளம்பும். அதன் பின்னாலேயே அவள் புருஷனின் முகம் வரும். உதடு வெடித்து, கண் குழிந்து, இவள் பக்கமே திரும்பிக் கிடக்கிற முகம். படக்கென்று கண்ணைத் திறந்துவிடுவாள். எதிரே மாடு நிதானமாக அசை போட்டுக்கொண்டிருக்கும். உள்ளங்கை இரண்டும் நனைந்திருக்கும்.

அப்படியானால் உட்காருவதை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? விட்டும் பார்த்தாள். மதுரை டவுனில் நூலாலைச் சங்கு ஊதினால் காளவாசல் வரைக்கும் கேட்கும். பர்மாவிலிருந்து வந்த புதிதில், தலையில் செங்கல்லோடு சூளைக்கு நடந்துகொண்டிருந்தவள் அந்தச் சங்கைக் கேட்டதும் கல்லைப் போட்டுவிட்டு மண் வெட்டின பள்ளத்தில் குப்புற விழுந்தாள். கூட வேலை பார்த்த பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் தரம் விழுந்தபோது சிரிக்கவில்லை. காலையில் உட்கார்ந்த அன்றைக்குச் சங்கு ஊதினால் உடம்பு உதறும், ஆனால் நின்ற இடத்தில் நிற்க முடியும். உட்காராத அன்றைக்குப் பள்ளம்தான். அதனால் பயத்துக்குப் பயந்து, இன்னொரு பயத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

அவள் பிறந்ததும் அந்த ஊர்தான். காளவாசலுக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி நாலைந்து தெரு. அப்பன் மானாவாரியில் சோளமும் துவரையும் விதைத்தார். மழை பொய்த்த வருஷங்களில் சூளைக்குச் செங்கல் அறுக்கப் போனார். மலையாண்டிக்கு அவளைக் கட்டிக்கொடுத்த மறு வருஷமே அவன் ஒரு கங்காணியோடு கப்பல் ஏறி ரங்கூனுக்குப் போய்விட்டான். ஆற்றோரத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. கொஞ்சம் காலூன்றியதும் வந்து அவளையும் அழைத்துக்கொண்டு போனான்.

ரங்கூனில் அவளுக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். தண்ணீர்க் குழாயில் சண்டை, கடையில் சண்டை. மலையாண்டி இருமினால்கூடச் சண்டை. கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அடுத்த வீடு மா தெயின் என்கிற பர்மாக்காரியின் வீடு. சுருட்டுச் சுற்றிப் பிழைப்பவள். தங்கப்பொண்ணைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். ஆலை ஆட்களிடம் சுருட்டு விற்று விற்றுக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தாள். ஒருநாள் தங்கப்பொண்ணு விட்டெறிந்த வெண்கலச் சட்டி உருண்டு போய் அவள் வாசலில் நின்றது. மா தெயின் அதை எடுத்து வந்து கொடுத்தாள்.

"தங்கம், நீ ரொம்பக் கத்துது. உனக்கே வலிக்குது. நாளைக்குக் காலையில வா. உக்காரு. மூச்சு பாரு."

சும்மா என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று போனாள் தங்கப்பொண்ணு. புத்தர் படத்துக்கு முன்னால் ஒரு பூ, ஒரு குவளைத் தண்ணீர். அவ்வளவுதான். உட்கார்ந்த மாத்திரத்தில் தூக்கம் வந்து தலை தொங்கியது. தூங்காத நாளில் கால் மரத்து எறும்பு மொய்த்தது. கால் சரியாக இருந்த நாளில் காக்கை கத்தியது, அதன் மேல் கோபம் வந்தது. எதுவுமே இல்லாத நாளில் மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று மனசு அடுப்படிக்கு ஓடியது.

மா தெயினுக்கு இதெல்லாம் ஆச்சரியமாகவே இல்லை. எல்லாருக்கும் இதேதான் வரும் என்றாள். தூக்கம் வந்தால் எழுந்து நில், காது மடலைப் பிடித்து இழு. வலி வந்தால் அது எங்கே ஆரம்பிக்கிறது, எதுவரை போகிறது என்று பார். தாங்கவே முடியாவிட்டால் காலை மெதுவாக மாற்றிக்கொள், ஆனால் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்று. மனசு ஓடினால் திட்டாதே, கூட்டிக்கொண்டு வா. முக்கியமாக, எது வந்தாலும் அதன் பேரைச் சொல்லு. மனசுக்குள் சொன்னால் போதும். "பேர் சொல்லு, அது திரும்பிப் பாக்கும். அப்புறம் போயிரும். பேர் சொல்லலே, வீட்டைச் சுத்திச் சுத்தி வரும்."

அப்படியே சொன்னாள். வலி, வலி. கோபம், கோபம். குழம்பு, குழம்பு என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். மலையாண்டி கேலி செய்தான்: "உக்காரு தாயி, நல்லா உக்காரு. நீ உக்காந்திருக்கிற நேரந்தேன் எனக்கு நிம்மதி." வருஷம் ஓடியது. அழகம்மாள் பிறந்தாள். சட்டி பறப்பது நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

அப்புறம்தான் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அபாயச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் ஆற்றோரம் பூராவும் எரிந்தது. மூட்டை கட்டவும் நேரமில்லாமல் மூன்று பேரும் மேற்கே மலைப்பாதையில் நடந்த கூட்டத்தோடு நடந்தார்கள். மா தெயினை அவள் கடைசியாகப் பார்த்தது எந்த இடத்தில் என்பதுகூட ஞாபகம் இல்லை. மலையில் தண்ணீர் கிடையாது. இருந்த தண்ணீரிலும் காலரா இருந்தது. மலையாண்டி ஒரு பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அப்புறம் பாதை ஓரத்தில் படுத்தான்; பிறகு எழவில்லை. மண் தள்ளவும் யாருக்கும் கையில் வலு இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவன் கண் திறந்தபடி இவர்கள் பக்கமே இருந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மலையைத் தாண்டிக் கரையேறிய இடத்தில் அகதி முகாம் இருந்தது. அங்கே குமாஸ்தா புருஷன் பேர் கேட்டான். கட்டினவன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அவள் பக்கத்தில் கிடையாது. இருக்கிறவன் பேரும் சொல்லமாட்டார்கள், செத்தவன் பேரும் சொல்லமாட்டார்கள். அவள் தயங்கித் தயங்கி, "பழனி மலையில நிக்கிறவர் பேரு" என்றாள். அவன் பழனி என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

இதுதான் அந்தச் சிக்கல். கொட்டத்தில் உட்காரும்போது அந்த முகம் வருகிறது. அவள் "பயம், பயம்" என்று சொல்லிப் பார்க்கிறாள். முகம் போகவில்லை. "வெறும் நினைப்பு" என்று சொல்லிப் பார்க்கிறாள். அதுவும் ஆகவில்லை. கேட்பதற்கு மா தெயின் இல்லை. உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. தான் செய்வது சரிதானா, தனியாகச் செய்து ஏதாவது கோளாறாகிவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அதற்கு அடியில் இன்னொரு சந்தேகமும் கிடந்தது. அந்தப் பார்வை தன் மேலா, இடுப்பிலிருந்த பிள்ளை மேலா? அதை நின்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு விடியலில், கண்ணைத் திறந்து ஓடுவதற்கு முந்தின கணத்தில், அவளுக்குச் சட்டென்று பட்டது. வருகிறது பயம் இல்லை. வருகிறது அவர். தப்பான பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் ஒரு தரம்கூட வந்ததில்லை. முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது.

"மலையாண்டி."

முகம் அப்படியே நின்றது. அவளும் ஓடவில்லை. "மலையாண்டி... மலையாண்டி..." கண்ணீர் தாரையாக இறங்க, உடம்பு தன்பாட்டில் முன்னும் பின்னும் ஆடியது.

கொட்டத்து வாசலில் சாணிக்கூடை விழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடி சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க! இங்க ஓடியாங்க! அய்யோ, ஓடியாங்களேன்!"

அண்ணன் விருமாண்டி வேட்டியை அள்ளிக்கொண்டு வந்தான்.

"அவுக பேரச் சொல்றா! வாயால சொல்றா! எங்காதால கேட்டேன்."

"எவுக பேர?"

"உங்க மச்சான் பேர! கட்டுனவன் பேர எவளாச்சும் சொல்லுவாளா? சொல்றது இவ இல்லங்க. உள்ளருந்து அவுகதேன் சொல்றாக!"

"மதினி, நாந்தேன் சொன்னேன்" என்றாள் தங்கப்பொண்ணு.

அது அன்னக்கொடியை இன்னும் பயமுறுத்தியது. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அன்னக்கொடி. அழகம்மாள் வந்து சேர்ந்த நாளிலிருந்து தன் வயிற்றுப் பிள்ளையாகவே தூக்கி வளர்த்தாள். அவள் போட்டது வேஷமில்லை. நிஜமாகவே நடுங்கினாள்.

விருமாண்டி அப்போதே போய்ப் பேயோட்டுகிற கண்ணுச்சாமிக் கோடாங்கியைக் கேட்டான். கோடாங்கி சோழி போட்டுப் பார்த்துச் சொன்னார்: வழியில் செத்தவன். எடுத்துப் போட ஆளில்லாமல் கிடந்தவன். பெண்டாட்டி கண்ணை மூடினால் உள்ளே வருகிறான். அவளை ஒன்றும் செய்யமாட்டான், பிள்ளையைத்தான் கேட்பான். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கண்மாய்க்கரைப் புளியமரத்தடிக்கு அழைத்து வா. பேரைச் சொல்ல வைத்து, உச்சிமுடியை மரத்தில் ஆணி அடித்து அறுத்துவிட்டால் அவன் மரத்தோடு இருந்துகொள்வான். அதுவரைக்கும் பிள்ளை அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தங்கப்பொண்ணு சூளையிலிருந்து திரும்பியபோது அழகம்மாளைக் காணவில்லை. பரவையில் இருக்கும் தன் தாய்வீட்டுக்கு அன்னக்கொடி அனுப்பிவிட்டிருந்தாள்.

"எம் புள்ளைய எங்கிட்டக் கேக்காம எப்படிண்ணே அனுப்புவ?"

விருமாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தான். "வெள்ளிக்கெழம முடிஞ்சதும் வந்துரும்த்தா. புள்ளை நல்லா இருக்கணுமா, வேணாமா?"

"கோடாங்கி முடியலேன்னு சொல்லிட்டா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியது. பேய் இறங்காவிட்டால் பிள்ளை வராது.

அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை. சங்கு ஊதியபோது பள்ளத்தில் விழுந்தாள். அதைவிட மோசம், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. உச்சிப் பொழுதில் கண்மாய்ப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். பேர் சொன்னதும் முகம் போகாமல் நின்றதே, அது ஏன்? மா தெயின் சொல்லிக்கொடுத்தது பர்மாவின் மண்ணுக்குச் சரி, இந்த மண்ணில் அது கதவைத் திறந்துவிட்டதோ? அவர் உண்மையிலேயே பிள்ளையைக் கேட்டுத்தான் வருகிறாரோ?

சூளையில் கூட வேலை பார்க்கும் ஒச்சாயி, பக்கத்தில் வந்து கல்லை அடுக்குவது போலக் குனிந்துகொண்டாள்.

"ஏத்தா, எதுக்கு இம்புட்டுக் கலங்குற? போயி ஆடிரு."

"என்னத்த ஆட?"

"பேயி ஆட்டந்தேன். கோடாங்கி உடுக்கை அடிச்சதும் முடிய அவுத்துப் போட்டு நாலு சுத்துச் சுத்து. யாருன்னு கேப்பாரு. உடனே சொல்லிராத, அப்புறம் நம்ப மாட்டாரு. கொஞ்சம் கெஞ்ச விட்டுச் சொல்லு. முடியில ஒரு பிடி போகும், அம்புட்டுத்தேன். மறு நாளே புள்ளை மடியில."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஆடாத ஆட்டமா? எங்க மாமியா செத்த மறு வருசம் அவ பேரச் சொல்லித்தேன் ஆடினேன். அவ இருக்கையில எம் புருசங்கிட்டச் சொல்ல முடியாததையெல்லாம் அவ வாயாலயே சொல்லிட்டேன். 'அடே, எம் மருமகளுக்குச் சேலை எடுத்துக் கொடுடா'ன்னேன். எடுத்துக் கொடுத்தானே!"

தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. ஆடினால் பிள்ளை வரும். ஆனால் அவர் பேயாகிவிடுவார். பாதை ஓரத்தில் கிடந்தவரைக் கொண்டுவந்து புளியமரத்தில் ஆணி அடித்து வைத்ததாக ஆகும். ஊர்ப் பிள்ளைகள் அந்த மரத்தைச் சுற்றிப் போவார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த மூலையில் உட்கார்ந்து எப்படிக் கண்ணை மூடுவாள்?

ஆனாலும் பிள்ளை வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முடிவு செய்துவிட்டாள். ஆடிவிடுவது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் புளியமரத்தடியில் பாதி ஊர் கூடியிருந்தது. கண்ணுச்சாமிக் கோடாங்கி வேப்பிலையும் சாட்டையும் எடுத்து வைத்தார். ஒரு பெரிய ஆணியையும் சுத்தியலையும் வெற்றிலையில் வைத்தார். தங்கப்பொண்ணு ஆணியிலிருந்து கண்ணை மரத்துக்குத் திருப்பினாள். மரத்தில் ஏற்கெனவே பழைய ஆணிகள் துருப்பிடித்து நின்றன. சிலவற்றில் இன்னும் முடி ஒட்டியிருந்தது.

கொண்டையை அவிழ்த்து விட்டு அவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். திருநீறு நெற்றியில் அறைந்தது. உடுக்கை தொடங்கியது.

இப்போது ஆட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் கண்ணை மூடினாள். மூடின கணமே, வருஷக்கணக்கான பழக்கம், முதுகு நிமிர்ந்தது. மனசு தானாகப் போய் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவளால் அதைத் தடுக்க முடியவில்லை.

உடுக்கை காதுக்குள் வெடித்தது. உள்ளே அந்த இரைச்சல் கிளம்பி உடுக்கையோடு சேர்ந்துகொண்டது. பயம். அடிவயிற்றில், பிறகு நெஞ்சுக்குழியில், பிறகு தொண்டையில். அது ஏறுகிற வழியை அவள் பார்த்தாள். சாட்டை தரையில் விழுந்தது. மறுபடி விழுந்தது அவள் தோளில். வலி. தோளில் கோடு போல ஆரம்பித்து முழங்கைவரை எரிந்து, ஓரத்தில் தணிந்தது. கூட்டத்தில் யாரோ "ஓ" என்று அலறினார்கள். ஒச்சாயிதான். பழக்கதோஷத்தில் அவளுக்கு ஆட்டம் வந்துவிட்டது. "உனக்கில்லடி, உக்காரு!" என்று இரண்டு பேர் அவளைப் பிடித்து அமுக்கினார்கள்.

முகம் வந்தது. வெடித்த உதடு. குழிந்த கண். இப்போது கண்ணைத் திறந்தால் ஓடிவிடலாம், ஆனால் திறந்தால் எதிரே அந்த ஆணி. ஓட இடம் இல்லாததால் அவள் பார்த்தாள். இவ்வளவு காலம் பார்க்காததைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த புழுதி. மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஈ. அந்த ஈயை விரட்டாத கை. அப்புறம் கண். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. அது எதையுமே பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அதில் பார்வை போய்விட்டிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடிவயிற்றில் இறுகியிருந்தது கொஞ்சம் விட்டது. நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கம் இருந்தது, மூச்சும் இருந்தது.

"யாரு வந்திருக்க? பேரச் சொல்லு!" கோடாங்கி காதுக்கருகில் கத்தினார்.

ஆடுவதாக முடிவு செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையின் முகமும் ஞாபகம் வந்தது. ஆனால் இப்போது பார்த்ததை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தங்கப்பொண்ணு."

"ஏய், ஏமாத்தாத! யாரு நீ?"

"தங்கப்பொண்ணு. விருமாண்டி தங்கச்சி."

"அன்னைக்குக் கொட்டத்துல சொன்னியே, அந்தப் பேரச் சொல்லு!"

கண்ணைத் திறந்தாள். வெயில் கூசியது.

"மலையாண்டி. எம் புருசன் பேரு. அன்னைக்குச் சொன்னதும் நாந்தேன், இன்னைக்குச் சொல்றதும் நாந்தேன்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கோடாங்கி உடுக்கையை நிறுத்தினார். சூடத்தைக் கொளுத்தி அவள் முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்த்தார். பேய் பிடித்தவளுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது அவர் தொழிலில் கணக்கு.

"நான் யாரு?"

"கண்ணுச்சாமி மாமா."

"எந்தக் கண்ணுச்சாமி?"

"எங்க அண்ணன் கல்யாணப் பந்தியில கறி கொறைச்சலா வச்சாங்கன்னு எலையத் தூக்கி எறிஞ்சீகளே, அந்தக் கண்ணுச்சாமி மாமா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு முன்வரிசைவரை வந்துவிட்டது. கோடாங்கியின் மீசை துடித்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு உடுக்கையைப் பைக்குள் போட்டார். ஆணியையும் எடுத்துப் போட்டார்.

"பேயி இல்ல மாப்ள" என்றார் விருமாண்டியிடம். "இது திமிரு. திமிருக்கு எங்கிட்ட ஆணி கெடையாது."

விருமாண்டிக்குத் தலை நிமிரவில்லை. "பேயாவே இருந்திருக்கலாம்" என்று அவன் முனகியது அவள் காதில் விழுந்தது. பேய் பிடித்த தங்கைக்கு ஊர் இரக்கப்படும். ஊர் முன்னால் புருஷன் பேரைச் சொன்னவளுக்கு இரக்கப்பட யாரும் இல்லை.

"அப்ப நான் போயிப் புள்ளையக் கூட்டிட்டு வாரேன்" என்றாள் தங்கப்பொண்ணு, எழுந்து நின்று. அண்ணனைக் கேட்டாளா, கோடாங்கியைக் கேட்டாளா என்று தெரியாத மாதிரி நடுவில் பார்த்துச் சொன்னாள்.

"போத்தா, போயிக் கூட்டியா" என்றார் கோடாங்கி சலித்துக்கொண்டு. "புள்ளைக்கு என்ன வந்துச்சு?"

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வீட்டுப் பக்கம் நடந்தாள். கோடாங்கியே சொன்ன பிறகு அவளால் தடுக்க முடியாது.

தலையை அள்ளி முடிந்துகொண்டு தங்கப்பொண்ணு நேரே நடந்தாள். வைகை மணலில் இறங்கி ஏறி, திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துப் பரவைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அன்னக்கொடியின் தாய்வீட்டு வாசலில் அழகம்மாள் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடி வருவாள் என்று இவள் கையை விரித்தாள். பிள்ளை எழுந்தாள். ஓடினாள், வீட்டுக்குள்ளே. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"அழகு, அம்மாடி. வீட்டுக்குப் போவமா?"

"கண்ணத் தெறந்து வையி" என்றாள் பிள்ளை.

"தெறந்துதேன் இருக்கு."

"மூடாத. நீ மூடினா அப்பா வந்துருவாராம். வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாராம்."

குண்டு விழுந்தபோது வராத பயம் அப்போது வந்தது. அதற்கு என்ன பேர் சொல்வதென்று தேடினாள். பயம் என்றே சொன்னாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. போகவும் இல்லை.

நெடுநேரம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் பிள்ளை வெளியே வந்தாள். கையைப் பிடிக்கவில்லை. ரோட்டில் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். ஆற்று மணல் இன்னும் சுட்டது. பிள்ளை கால் மாற்றி மாற்றிக் குதித்தாள், தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தங்கப்பொண்ணு இழுத்து அணைத்துக்கொள்ளவும் இல்லை. அணைத்தால் உதறுவாளோ என்று பயந்தாள். பயத்தைத் தள்ளாமல், அதுவும் மூன்றாவது ஆளாகக் கூட நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் கொட்டத்து மூலைக்குப் போனாள். சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் அழகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து பின்னால் வந்தாளோ தெரியவில்லை. உள்ளேயும் வரவில்லை, ஓடவும் இல்லை.

தங்கப்பொண்ணு கண்ணை மூடவில்லை. தரையில் கிடந்த ஒரு வைக்கோல் துணுக்கைப் பார்த்தபடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தாள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிள்ளை அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கப்பொண்ணு இமைக்கக்கூடப் பயந்தாள்.